முயல் பிடிக்க நீள வலையும் கோலும்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்

வயலோரம் கோல் ஊன்றிக் கட்டி, ஓடிவரும் முயலைப் பிடிக்கும் நீள வலையை வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை கெஜம்?" என்பதுதான். ஐம்பதா நூறா என்று முடிவெடுத்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நீளம் மூன்றாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது தொய்வு, அதாவது வலை எவ்வளவு தளர்ந்து தொங்கும் என்பது. அடுத்தது கோல். இந்த இரண்டும் சரியாக இருந்தால் 50 கெஜம் வலையிலேயே நல்ல வேலை நடக்கும். சரியில்லை என்றால் 100 கெஜம் கட்டினாலும் முயல்கள் வந்து முட்டிவிட்டுத் திரும்பி ஓடிவிடும்.

என்னிடம் இப்போது மூன்று வலைகள் இருக்கின்றன. ஒன்று பழைய முறையில் கட்டிய 100 கெஜம் நைலான் வலை. இரண்டாவது கோல்கள் வலையிலேயே கோத்து வரும் 50 கெஜம் 'குவிக்செட்' வலை. மூன்றாவது ஒரு பெரியவர் தன் கொட்டகையைக் காலி செய்தபோது எனக்குக் கொடுத்த, சணல் போன்ற ஹெம்ப் நாரில் பின்னிய வலை. கோல்களில் ஹேசல் மரக்குச்சி, ஃபைபர்கிளாஸ், இரும்புக் கம்பி, மின்வேலிக்கு ஊன்றும் பிளாஸ்டிக் கோல் என நான்கையும் வயலில் ஊன்றிப் பார்த்திருக்கிறேன். எந்தக் கடைக்கும் விளம்பரம் செய்ய இதை எழுதவில்லை, எல்லாம் என் காசில் வாங்கியவை.

நான் இருப்பது இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், தெட்ஃபோர்டு ஊருக்குப் பக்கம். பிரெக்லாண்டு என்று சொல்லும் மணல் பூமி இது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மணல், இடையிடையே சிக்கிமுக்கிக் கற்கள். முயல் வளை தோண்ட இதைவிட வசதியான மண் கிடையாது. இடைக்காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் என்றே இங்கே பெரிய நிலப்பரப்புகளை ஒதுக்கி முயல் வளர்த்தார்கள். தெட்ஃபோர்டு மடத்துத் தலைவர் 1400 வாக்கில் கட்டிய 'வாரன் லாட்ஜ்' என்ற கல் வீடு இன்றும் காட்டுக்குள் நிற்கிறது. முயல்களைக் காவல் காத்தவர் தங்கிய வீடு அது. திருடர்களுக்குப் பயந்து கோட்டைபோலக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அன்றைக்கு முயலுக்கு என்ன விலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று அதே முயல்தான் பார்லி, கேரட், சர்க்கரை எடுக்கும் சுகர் பீட் கிழங்கு வயல்களின் ஓரத்தை மொட்டையடிக்கிறது. 1953இல் மிக்சோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்து அந்நாட்டு முயல்களில் பெரும்பகுதியைக் கொன்றது. அதன்பின் ரத்தக்கசிவு நோயும் சேர்ந்துகொண்டது. அதனால் முயல் எல்லா இடத்திலும் நிறைய இருக்கிறது என்று சொல்ல முடியாது. இங்கே உள்ள திறந்த புல்வெளிகளில் முயல் புல்லைக் கட்டையாக மேய்ந்து வைத்தால்தான் கண்கிலேடிப் பறவை கூடு கட்டும், அரிய செடிகள் முளைக்கும். அந்த நிலங்களில் முயல் பெருக வேண்டும் என்றுதான் இயற்கைப் பாதுகாப்பில் இருப்பவர்கள் பாடுபடுகிறார்கள். நான் அங்கே வலையோடு போவதில்லை. பயிர் அழியும் வயல் ஓரங்களில், பண்ணைக்காரர் கூப்பிட்டால் மட்டுமே போகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் முயல்கள் வேலியோர வளைகளை விட்டு வயல் நடுவே மேயப் போகும். அவை வெளியே இருக்கும் நேரத்தில், வளைகளுக்கும் வயலுக்கும் நடுவில், வேலியை ஒட்டினாற்போல் சத்தமில்லாமல் வலையைக் கட்ட வேண்டும். நிலவில்லாத, காற்றடிக்கும் இரவு நல்லது. காற்று வயலிலிருந்து நம் முகத்தில் அடிக்க வேண்டும், நம் வாடை முயலுக்குப் போகக்கூடாது. அப்புறம் கூட்டாளி ஒருவர் பெரிய சுற்றாகச் சுற்றி வயலின் மறுபக்கம் போய் நாயோடு நடந்து வருவார். முயல்கள் வளையை நோக்கி ஓடிவரும் வேகத்தில் வலைக்குள் போய் விழும். வலைக்காரர் மேல்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், முயல் விழுந்தால் கயிற்றில் அதிர்வு தெரியும். பகலில் முயலை வெளியே விரட்ட வளைக்குள் ஃபெர்ரட் (கீரி போன்ற வளர்ப்பு விலங்கு) விடும்போதும் இதே வலையை வேலியோரமாகக் கட்டலாம். துப்பாக்கிச் சத்தம் இல்லை, பக்கத்துக் குதிரைகள் மிரளாது, இறைச்சியில் ஈயக் குண்டு இருக்காது. தவறிப் பெருமுயல் (ஹேர்) விழுந்தால் உயிரோடு எடுத்து விட்டுவிடலாம். எனக்கு இந்த முறை பிடித்துப் போனதற்குக் காரணம் இதெல்லாம்தான்.

சரி, தொய்வுக்கு வருகிறேன். வலை என்பது சுவர் இல்லை. விறைப்பாக இழுத்துக் கட்டிய வலையில் முயல் மோதினால் பந்துபோல் திரும்பி விழும், உடனே வேறு பக்கம் ஓடும். வலை தளர்ந்து தொங்கினால்தான் முயல் மோதிய வேகத்தில் அது பின்னால் பையாகப் பிதுங்கி முயலைச் சுற்றிக்கொள்ளும். இதற்காகத்தான் 100 கெஜம் வலைக்கு 100 கெஜம் கயிற்றில் அதைவிட அதிகமான வலைத்துணியைச் சுருக்கிக் கோக்கிறார்கள். நல்ல வலை என்றால் 100 கெஜம் கயிற்றில் குறைந்தது 150 கெஜம் வலை இருக்க வேண்டும். விலையைக் குறைத்துக் காட்ட நினைப்பவர்கள் கைவைப்பது இந்த இடத்தில்தான். படத்தில் பார்த்தால் தெரியாது. நிறம், முடிச்சு, கயிறு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இதை வீட்டிலேயே சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. முயல் வலையில் கண் அளவு 2 அங்குலம் என்றால், முடிச்சுக்கு முடிச்சு 2 அங்குலம் என்று பொருள். அந்தக் கண்ணை முழுக்க இழுத்தால் 4 அங்குலம் வரும். இரண்டு கோல்களுக்கு நடுவே 5 கெஜம், அதாவது 180 அங்குலம் விட்டு மேல்கயிற்றைக் கட்டுங்கள். 100க்கு 150 என்ற கணக்கில் கோத்த வலையானால் அந்த இடைவெளியில் 270 அங்குல வலை இருக்க வேண்டும். நான்கால் வகுத்தால் சுமார் 67 கண்கள். மேல்கயிற்றோரம் எண்ணிப் பாருங்கள். 54 கண்தான் இருக்கிறது என்றால் 100க்கு 120 மட்டும் வைத்துக் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொய்வு குறைந்தால் அகலத்தில் மட்டும் நஷ்டம் இல்லை, உயரத்திலும் நஷ்டம். வலைக்கண் சாய்சதுரம் என்பதால் பக்கவாட்டில் இழுக்க இழுக்க மேலும் கீழும் சுருங்கும். 12 கண் ஆழமுள்ள வலை 150 கணக்கில் கோத்தால் தானாகத் தொங்கும்போது சுமார் 36 அங்குலம் இறங்கும். அதே 12 கண் வலையை 120 கணக்கில் கோத்தால் 26 அங்குலத்துச் சொச்சம்தான் வரும். மேல்கயிறு தரையிலிருந்து 24 அங்குல உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். முதல் வலையில் ஓர் அடி மிச்சம், அது தரையில் மடிந்து கிடந்து முயலை அடியில் நுழைய விடாமல் தடுக்கும். இரண்டாவதில் இரண்டு அங்குலத்துச் சொச்சம்தான் மிஞ்சும். பள்ளம் உள்ள இடத்தில் அடிக்கயிறு தரையைத் தொடவே தொடாது. ஒரு விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த முதல் 100 கெஜம் வலை அப்படிப்பட்டது. கண்ணை எண்ணிக் காட்டி எழுதியதும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் தபால் செலவு என் தலையில். இப்போது வைத்திருப்பது வலையைக் கையாலேயே கோத்துத் தரும் ஒருவரிடம் வாங்கியது. "எத்தனை கெஜம் துணி போடுகிறீர்கள்?" என்று கேட்டேன், யோசிக்காமல் பதில் சொன்னார். வலைக்காரர் அப்படிச் சொல்கிறார் என்றால் அவரே அந்த வலையை வயலில் கட்டியிருக்கிறார் என்று நம்பலாம்.

ஆழம் 12 கண் போதுமா, 14 வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தட்டையான நிலத்துக்கு 12 போதும். உழவுக்கால் ஆழமாக இருக்கும் வயலுக்கும் கரடுமுரடான வேலியோரத்துக்கும் 14 நல்லது. அதற்கு மேல் வேண்டாம், சுமை கூடும், சிக்கலும் கூடும்.

நூல் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஸ்பன் நைலான் வாங்குங்கள். பருத்தி நூல்போல் மேலே லேசான பூ இருக்கும், முடிச்சு வழுக்காது, கையில் மென்மையாக ஓடும். பளபளக்கும் வழுவழுப்பு நைலான் வேண்டவே வேண்டாம். அதில் முடிச்சு நகரும், கண் அளவு கோணலாகும். தடிமனைப் பொறுத்தவரை 4இசட், 6இசட் என்று விற்கிறார்கள். 4இசட் மெலிது, இலேசானது, 100 கெஜத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். 6இசட் கனம், ஆனால் காற்றில் குறைவாகப் பறக்கும், பிளாக்பெர்ரி முள்ளில் மாட்டினால் அறுபடாமல் தாங்கும். என் 100 கெஜம் வலை 4இசட்தான். திறந்த பார்லித் தாள் வயலுக்கு அது போதும். வேலியோரம் ஃபெர்ரட் வேலைதான் அதிகம் என்றால் 6இசட் வாங்குங்கள்.

நிறம் பற்றி நிறையச் சண்டை போடுகிறார்கள். இருட்டில் பச்சையா பழுப்பா என்பதால் முயலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. நமக்குத்தான் வித்தியாசம். வெளிர் நிறம் என்றால் விடியும் முன் வலையைச் சுருட்டும்போது கண்ணுக்குத் தெரியும், எதையும் வயலில் விட்டுவிட்டு வரமாட்டோம். வயலில் கிடக்கும் ஒரு துண்டு வலையில் முள்ளெலி சிக்கிச் சாகும். அதனால் நான் கடும்பச்சை வாங்க மாட்டேன்.

மேல்கயிறும் கீழ்க்கயிறும் பின்னல் கயிறாக இருக்க வேண்டும். முறுக்குக் கயிறு நனைந்தால் தானாகவே சுருண்டு வலையையும் சேர்த்துச் சுருட்டும். கயிற்றின் மேல் வலை தாராளமாக ஓட வேண்டும், அப்போதுதான் தொய்வை நாம் விரும்பிய இடத்துக்குத் தள்ளலாம். புது வலை வந்ததும் கயிற்றில் கைவைத்து வலையை ஒரு முழம் தள்ளிப் பாருங்கள். தடைபட்டால் கயிறு அந்தக் கண்ணுக்குத் தடிமன் அதிகம்.

ஹெம்ப் வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தூக்கிக் கட்டும் அனுபவமே வேறு. நைலான் காற்றில் எழுந்து பறக்கும் இரவில் ஹெம்ப் தன் கனத்திலேயே கீழே தொங்கி நிற்கும். முள், தாள் எதுவும் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் பனியை உறிஞ்சிக்கொள்ளும். போகும்போது தூக்கியதைப்போல இரண்டு மடங்கு கனத்தைத் திரும்பும்போது சுமக்க வேண்டியிருக்கும். ஈரத்தோடு பையில் போட்டு வைத்தால் இற்றுப் போகும். அந்தக் காலத்தில் இங்கே மீன்வலைகளைக் காசுக்கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள், நம் கடற்கரையில் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியதும் இதே காரணத்துக்காகத்தான். எனக்குக் கிடைத்த வலையை நான் மதித்து வைத்திருக்கிறேன், பெருங்காற்று இரவுகளில் வெளியே எடுக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் ஹெம்ப் தேடி அலைய வேண்டாம்.

குவிக்செட் வலையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, ஆனால் ஓர் எல்லை வரைக்கும். கோல்கள் வலையோடு சேர்ந்தே இருக்கும், எல்லாம் ஒரு தட்டில் அடுக்கியிருக்கும். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு கோலாக எடுத்து ஊன்றிக்கொண்டே போகலாம். கூட்டாளி இல்லாமல் தனியாகப் போகிறவருக்கு இது பெரிய வசதி. தொய்வு கோலுக்குக் கோல் சமமாக நிற்கும், ஒரு பக்கம் குவியாது. இருட்டில் கயிற்றை முடிச்சுப் போடும் வேலையே இல்லை. குறை என்னவென்றால், கோல் இடைவெளி அவர்கள் வைத்ததுதான். நடுவில் ஒரு புதரோ கல்லோ வந்தால் கோலை நகர்த்த இடமில்லை, வலையையே வளைத்துப் போக வேண்டும். வேலி கோணலாக ஓடும் இடத்தில் இது தொல்லை. ஒரு கோல் ஒடிந்தால் அந்த இடத்தில் வலையைப் பிரித்துத்தான் மாற்ற முடியும். விலையும் பழைய முறை வலையைவிடக் கணிசமாக அதிகம். நேரான, திறந்த, தட்டையான வயல் ஓரமா? தனி ஆளா? தாராளமாக வாங்குங்கள். 100 கெஜம் குவிக்செட் மட்டும் வேண்டாம், தட்டின் கனம் கையை முறித்துவிடும். 50 கெஜம் இரண்டாக வாங்கி இரண்டு முனையிலிருந்தும் கட்டுங்கள்.

இனி கோல். இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். வலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் சத்தமில்லாமல் நிறுத்துவதும் முயல் மோதும்போது சாயாமல் தாங்குவதும் கோல்தான். 5 கெஜத்துக்கு ஒன்று என்றால் 100 கெஜத்துக்கு இருபது கோல் வேண்டும். நீளம் 36 அங்குலம் என்பது வழக்கம், தரைக்கு மேல் 24, மண்ணுக்குள் 12. ஆனால் மண்ணைப் பார்க்காமல் கோல் வாங்கக் கூடாது. எங்கள் மணலில் கோல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும், ஆனால் பிடிமானம் கிடையாது. ஒரு பெரிய கடுவன் முயல் வந்து விழுந்தால் இரண்டு பக்கக் கோலும் சாய்ந்து மேல்கயிறு தரைக்கு வந்துவிடும், பின்னால் வரும் முயல்கள் தாண்டிப் போய்விடும். எனவே மணலுக்கு 40, 42 அங்குலக் கோல் வாங்கிக் கூடுதலாக ஊன்றுங்கள். சஃபோக் பக்கம் போனால் களிமண். ஈரமாக இருக்கும்போது அருமையாகப் பிடிக்கும், கோடை கடைசியில் காய்ந்து இறுகிவிட்டால் மரக்கோல் இறங்கவே இறங்காது.

ஹேசல்தான் எனக்குப் பிடித்த கோல். கட்டைவிரல் பருமன், நேரான கொம்பு, பட்டையோடு. பட்டை இருப்பதால் கயிறு வழுக்காது, ஒரு சுற்று சுற்றி இழுத்தால் அப்படியே நிற்கும். ஒன்றோடொன்று உரசினாலும் மந்தமான சத்தம்தான். இலவசம் என்பதும் ஒரு காரணம், பண்ணைக்காரரைக் கேட்டால் வேலியிலிருந்து வெட்டிக்கொள்ளச் சொல்வார். பச்சையாக வெட்டியதை உடனே பயன்படுத்தக் கூடாது, கனமாக இருக்கும், வளைந்து போகும். கட்டாகக் கட்டி நிழலில் மாதக்கணக்கில் உலர வைக்க வேண்டும். குறை என்றால், எங்கள் சிக்கிமுக்கிக் கற்கள் கூர்முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். சீவிக்கொண்டே இருந்தால் கோல் வருடாவருடம் குட்டையாகும்.

ஃபைபர்கிளாஸ் கோல் இலேசானது, மெலிது, ஒரு கட்டுக்கு இருபது இருந்தாலும் தோளில் தெரியாது. மண்ணில் இறங்குவது சுலபம். 8 மில்லிமீட்டர் கோல் வாங்காதீர்கள். மேல்கயிற்றை இழுத்துக் கட்டினாலே வில்லாக வளைந்து உயரம் குறையும். 10 மில்லிமீட்டர் நன்றாக நிற்கிறது. வழவழப்பு என்பதால் கயிறு கீழே நழுவும், மேலே ஒரு ரப்பர் வளையமோ இரண்டு சுற்றுத் துணி டேப்போ போட்டுக்கொள்ள வேண்டும். வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு உரிந்து கண்ணாடி நார் கையில் ஏறும். உள்ளங்கையில் ஏறிய அந்த நாரை எடுப்பது நரக வேதனை. கையுறை போடுங்கள், கோல்களை வெளியே போட்டு வைக்காதீர்கள். இரும்பு முனை பொருத்திய ஃபைபர்கிளாஸ் கோல் விற்கிறார்கள், இறுகிய களிமண்ணுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

முழு இரும்புக் கம்பி வேண்டாம். எந்த மண்ணிலும் இறங்கும், முறியாது, எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்று இன்னொன்றில் பட்டதும் எழும் அந்தக் கிணுகிணுப்பு அமைதியான இரவில் வயலின் அடுத்த மூலை வரை கேட்கும். முயல் பின்னங்காலால் தரையைத் தட்டி எச்சரிப்பதை ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த இரவு அவ்வளவுதான். மின்வேலி பிளாஸ்டிக் கோலில் காலால் மிதித்து ஊன்றும் வசதி உண்டு, ஆனால் பக்கவாட்டில் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொக்கி ஒவ்வொன்றிலும் வலைக்கண் மாட்டும். பகலில் ஃபெர்ரட் வேலைக்குப் போதும், இரவுக்கு உதவாது.

இரண்டு முனைகளுக்கும் இரும்பு முளை வேண்டும், இங்கே மட்டும் இரும்பு அவசியம். வலையின் மொத்த இழுவையும் அதன் மேல்தான். அந்த முளையிலேயே வலையைச் சுற்றிச் சேமிப்பதால், அது நீளமாகவும் தலை வளைந்தும் இருந்தால் நல்லது.

கோல் கட்டும் முறை ஆளுக்கு ஆள் மாறும். நான் கீழ்க்கயிற்றில் ஒரு சுற்றுப் போட்டு, கோலை ஊன்றி, அப்புறம் மேல்கயிற்றில் இரண்டு சுற்றுப் போடுகிறேன். ஊன்றும்போதே கோல்களுக்கு நடுவே வலையை உதறித் தொய்வைச் சமமாக்கிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் சரிசெய்யலாம் என்று விட்டால் எல்லாம் ஒரு முனையில் குவிந்துவிடும். என்னோடு வரும் தமிழ்த் தம்பி ஒருவர் கோல் கட்டைத் துணிப் பையில் தனித்தனி அறை தைத்துக் கொண்டுவருவார். "அண்ணே, சத்தமே வராது பாருங்க" என்று காட்டினார். உண்மையாகவே வரவில்லை. கடைகளில் விற்கும் கோல் பைகளில் இந்த வசதி இல்லை. கொஞ்சம் தையல் தெரிந்தால் நீங்களே செய்துவிடலாம்.

முயல் விழுந்தால் தாமதிக்காமல் போய் எடுங்கள். வலையில் சிக்கிய விலங்கு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, 2006 அனிமல் வெல்ஃபேர் சட்டம் அதற்குப் பொருந்தும். நொடியில் வலியில்லாமல் கழுத்தை விலக்கத் தெரியாதவர் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்ட பிறகே வலையைத் தொட வேண்டும். வலையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மன்ட்ஜாக் மான் விழுந்து உதைத்தால் வலை போனாலும் பரவாயில்லை என்று அறுத்து விடுங்கள். வளைகளில் குட்டிகள் இருக்கும் வசந்த காலத்தில் நான் வலை கட்டுவதில்லை, இலையுதிர் காலக் கடைசியும் குளிர்காலமும்தான் எனக்குப் பருவம். அதிலும் உறைபனி இரவு வேண்டாம், காலடியில் புல் நொறுங்கும் சத்தமே முயலை எழுப்பிவிடும்.

அனுமதி விஷயத்தில் விளையாடக் கூடாது. 1954 பெஸ்ட்ஸ் சட்டத்தின்படி இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும், ஒருசில இடங்கள் தவிர, முயல் கட்டுப்பாட்டுப் பகுதி. நிலத்தை வைத்திருப்பவர் முயலால் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1880 கிரவுண்ட் கேம் சட்டம் அவருக்கு முயல் பிடிக்கும் உரிமையைத் தருகிறது, அவர் எழுத்தில் அனுமதித்தால், அந்தச் சட்டம் சொல்லும் வரம்புக்குள், நாமும் பிடிக்கலாம். அந்தக் கடிதம் இல்லாமல் இருட்டில் வலையோடு வயலில் நின்றால் 1828ஆம் ஆண்டு நைட் போச்சிங் (இரவுத் திருட்டு வேட்டை) சட்டம் காத்திருக்கிறது, அது இன்றும் உயிரோடு இருக்கும் சட்டம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, உதிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை இரவு என்று அதில் கணக்கு. நான் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன், போகும் முன் 101க்கு அழைத்து எந்த வயலில் இருப்போம் என்று காவல்துறைக்குச் சொல்லிவிடுவேன். நம் நிறத்து ஆட்கள் இருவர் நள்ளிரவில் வயலில் நடப்பதைப் பார்த்து யாராவது பயந்து போன் செய்தால், அந்த அழைப்பு நமக்கு உதவும்.

வலையைச் சுருட்டும் வேலையைப் பொறுமையாகச் செய்யுங்கள். இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, ஒட்டியிருக்கும் தாளையும் குச்சியையும் அந்தந்த இடத்திலேயே பிடுங்கிப் போட்டு, முனை முளையில் எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டு வாருங்கள். இருட்டில் அவசரமாக அள்ளிச் சாக்கில் போட்டால் அடுத்த நாள் முழுக்கக் கொட்டகையில் அதைப் பிரிக்கத்தான் நேரம் போகும். நைலான் அழுகாது என்றாலும் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும், கயிறு விறைத்துப் போகும். வெயில் படாத இடத்தில் விரித்து உலர்த்துங்கள். எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இன்றைக்கு ஒருவர் புதிதாகத் தொடங்குகிறார் என்றால் நான் சொல்வது இதுதான். 150 கணக்கில் கோத்த, 12 கண் ஆழமுள்ள, 2 அங்குலக் கண் கொண்ட 50 கெஜம் ஸ்பன் நைலான் வலை ஒன்று, வெளிர் நிறத்தில். தோட்டத்தில் ஹேசல் இருந்தால் கோலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இல்லையென்றால் 10 மில்லிமீட்டர் ஃபைபர்கிளாஸ். முதலில் வீட்டுப் புல்தரையில் பகலில் கட்டிப் பழகுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பாருங்கள். கை பழகிய பிறகு இன்னொரு 50 கெஜம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டையும் முனையில் ஒரு கோலில் இணைத்தால் 100 கெஜம் ஆகிவிடும். ஹேசல் வெட்டுவதானால் இலை உதிர்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் வெட்டுங்கள், உடைவது தொலைவது போக மிஞ்சும்படி முப்பதாக. அடுத்த இலையுதிர் காலத்துக்குள் அது உலர்ந்து தயாராகிவிடும்.